மீனின் வயிறு

“கடவுளே, தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு! கதவைத் திற!”

ஆலயத்தின் கீழறையிலிருந்து வந்த அலறலில் போலீஸ்காரரின் கை தானாகவே லத்திக்குப் போனது. புகார் கொடுத்த எதிர்வீட்டு டீச்சர், ‘நான் சொன்னேன்ல’ என்பதுபோல் அவரைப் பார்த்தார்.

போதகர் மட்டும் சிரித்தார். “பயப்படாதீங்க சார். என் பையனோட பேண்ட். ‘மீனின் வயிறு’ன்னு பேரு. யோனாவை மீன் முழுங்கின கதையைத்தான் பாடுறாங்க.”

“இது பாட்டா?”

“மெட்டல்னு சொல்றாங்க. எனக்கும் முதல்ல ஒண்ணும் புரியல. ஆனா உள்ள இருக்கிறது அத்தனையும் ஜெபம்.”

அந்த அறைக்காகச் சபைக் கமிட்டியோடு மூன்று மாதம் மல்லுக்கட்டியவர் அவர். பிள்ளை கண்ட இடத்தில் சுற்றாமல் ஆலயத்துக்குள்ளேயே கத்துகிறானே, அது போதாதா என்பது அவர் கட்சி. இன்னொரு புகார் வந்தால் அறையைப் பூட்டிவிடுவோம் என்று கமிட்டி கறாராகச் சொல்லியிருந்தது. அதனால் கீழறைக் கதவு முழுக்கத் தன் கையாலேயே பஞ்சு ஒட்டினார். வெளியே தாழ்ப்பாள் போட்டால்தான் கதவு சத்தம் கசியாமல் இறுகும். கீழே ‘டங் டங்’ என்று ஆரம்பித்ததும் போய்த் தாழ் போடுவார், ஆறு மணிக்குத் திறந்துவிடுவார். இன்றும் அப்படித்தான்.

கதவு தடதடவென்று அதிர்ந்தது.

“ட்ரம்ஸ்,” என்றார் போதகர்.

“கதவைத் திறன்னு தெளிவாக் கேக்குதே, ஐயா?”

“மீனோட வாயைச் சொல்றான் சார்.”

“உங்க பையன் குரல்தானே?”

“பெத்தவனுக்குத் தெரியாதா?”

டீச்சருக்கு ஆறவில்லை. “நீங்க வெளியூர் போயிருந்த ஒரு வாரமும் நிம்மதியா இருந்தேன். இன்னைக்கு வந்தீங்க, ஆரம்பிச்சுட்டாங்க.”

“அப்பன் பக்கத்துல இருந்தாத்தான் அவனுக்கு உற்சாகம்,” என்றார் போதகர். அவருக்கு நிஜமாகவே மனம் குளிர்ந்துவிட்டது. இரண்டு பேருக்கும் டீ போடலாமென்று பக்கத்துச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது.

“கீழறையில ஓடுற மெயின் பைப்பைச் சரி பண்ண இன்னைக்கு வர்றேன்னாரு பிளம்பர். ஆளையே காணோம். இந்தக் காலத்துல யாரை நம்புறது, சொல்லுங்க?”

கீழே குரல் கம்மிக்கொண்டே போய், பிறகு நின்றது.

“பாத்தீங்களா? சொல்லாமலே நிறுத்திட்டாங்க. நல்ல பசங்க.”

போலீஸ்காரர் நோட்டை மூடினார். டீச்சர் முணுமுணுத்தபடி படியிறங்கினார். அறை தப்பியது என்று போதகர் பெருமூச்சு விடும்போது அவருடைய செல்போன் அடித்தது. மகன்தான்.

“அசத்திட்டடா! போலீஸே ஆடிப்போயிட்டாரு. அந்தக் கடைசி அலறல் இருக்கே, எனக்கே புல்லரிச்சுருச்சு.”

மறுமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

“சொல்லப் பயமா இருந்துச்சுப்பா... பேண்ட் கலைஞ்சு ஒரு வாரமாச்சு.”