மூன்றாம் திரையில் அடைக்கலநாதன்

செத்துப்போன அடைக்கலநாதன் அன்றும் நேரத்தோடு வேலைக்கு வந்துவிட்டான். மனேஜரின் திரையில் அவன் பெயர் பச்சையாக எரிந்தது. உள்ளே இருக்கிறான் என்று அதற்கு அர்த்தம்.

கொம்பியூட்டர் திருத்தக் கொழும்பிலிருந்து வந்திருந்த செல்வரட்ணம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றான். பேயைத் திருத்த அவன் எங்கே படித்தான்?

"பாத்தீரே?" என்றார் மனேஜர் நமசிவாயம். "தமையனோடை கடலுக்குப் போன பெடியன். வள்ளமும் இல்லை, பிரேதமும் இல்லை. கலியாணங்கூடக் கட்டேல்லை, பாவம். பாஸ்வேர்ட்டும் அவனோடையே போட்டுது. பிறகு உதுக்குள்ளை இருக்கிறது ஆர்?"

கொழும்புத்துறையில் அந்த இறால் கொம்பனிக்கு ஒரு கொம்பியூட்டர், மூன்று திரைகள். எண்பத்திரண்டில் அது ஊருக்கே புதினம். வள்ளங்களின் விபரம் முழுவதையும் அதில் ஏற்றியவன் அடைக்கலநாதன்தான். அவன் பெயர் உள்ளே இருக்கும்வரை வேறு யார் தொட்டாலும் 'அனுமதி இல்லை' என்று முகத்திலடித்த மாதிரிச் சொல்லிவிடும். விபரம் திறக்காமல் ஐஸ் கொடுக்க முடியாது. வாசலில் வள்ளக்காரர் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"எங்கடை ஆக்கள் ஆரும் விளையாடினால் இண்டைக்கே வேலையாலை நிப்பாட்டிப்போடுவன். ஆளைப் பிடிச்சுத் தாரும்."

மூன்றாம் திரை பின்னறையில் இருந்தது. காவலாளி ஏரம்பு அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டிருந்தார். சிலுவை போட்ட வேதக்காரப் பேய்க்குத் திருநீறு என்ன செய்யும் என்று மனுசன் யோசிக்கவில்லை.

கதிரையில் யாரும் இல்லை. திரையில் அதே பெயர். மேசையில் ஆவி பறக்கத் தேத்தண்ணி ஒரு கோப்பை, யாரும் வாய்வைக்காதது. செல்வரட்ணம் அந்தக் கதிரையில் இருக்கத் துணியாமல் நின்றுகொண்டான்.

"உங்களுக்கு உதவி செய்யச் சொன்னவை." பின்னால் டைப்பிஸ்ட் ஞானாம்பிகை நின்றாள். தங்கச்சிமாரைக் கரைசேர்க்கத் தான் கட்டாமல் இருக்கிற பிள்ளை என்று மனேஜர் வழியெல்லாம் மெச்சியது இவளைத்தான். அந்த அறைக்குள் வரப் பயப்படாத ஒரே ஆளும் இவள்தான்.

"அனுமதி உள்ள ஆக்களின்ரை பேரை வாசியுங்கோ அக்கா. அஞ்சு பேர் இருக்கவேணும், நான் எண்ணுறன்."

அவள் திரையைப் பார்த்து வாசித்தாள். "நமசிவாயம், நல்லம்மா, மக்டலீன், ஞானாம்பிகை."

"நடுவிலை ஒண்டை விட்டிட்டியள்."

"அதுதான் உங்களுக்குத் தெரியுமே."

அவன் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். "ஒரு வழிதான் இருக்கு. வள்ள விபரத்தை மனேஜரின்ரை பேருக்கு மாத்திப்போட்டு அடைக்கலநாதனை அழிக்கவேணும்."

"அழிச்சால்... பாஸ்வேர்ட் போட்டாலும் பேர் பிறகு வராதோ?"

"ஒருநாளும் வராது."

அவள் கோப்பையை மெல்ல எடுத்து வெறுங் கதிரைக்கு நேரே நகர்த்தி வைத்தாள்.

அழிக்கும் கட்டளையைக் கொடுத்தான். திரை வெறுமையாகி, யாரை அழிப்பது என்று கேட்டது. பட்டியலும் மறைந்துவிட்டது.

"பேரைச் சொல்லுங்கோ அக்கா. அவர் இங்கிலீசிலை எழுதுற மாதிரியே, எழுத்தெழுத்தாய். பிழைச்சால் வேறை ஆளின்ரை போயிடும்."

தட்டக் காத்திருந்தவன் திரும்பினான். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். பேய்ப் பயம் என்று நினைத்தான். பார்க்கப் பாவமாக இருந்தது.

"பயப்பிடாதேங்கோ. பேரைச் சொன்னால் ஆள் வந்திடுமே?"

"வந்தால் நல்லந்தானே." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"கட்டின மனுசன்ரை பேரை நான் எப்பிடித் தம்பி வாயாலை சொல்லுறது?"