நேசம் டீச்சரின் குரல்

"குறைக்கக் குறைக்கச் சத்தம் கூடுது, தம்பி. இதில ஏதோ பிழை இருக்கு."

ரூபிகா மடிக்கணினியைத் திறந்து கஜீவனின் மேசையில் வைத்தாள். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி வீட்டு அறையொன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தான் கஜீவன். பாடகர்கள் வருவார்கள், விளம்பரக்காரர்கள் வருவார்கள். கிருலப்பனையிலிருந்து ஓட்டோ பிடித்து ஒரு குடும்பப் பெண், ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈகுவலைசரும் கையுமாக வந்தது இதுதான் முதல் தடவை.

"ஆரின்ர குரல், அக்கா?"

"நேசம் டீச்சர். மகனின்ர வகுப்பு டீச்சர். வீட்டில எழுதிப் பழகச் சொல்வதெழுதலை வாட்ஸ்அப்பில அனுப்புவா."

கஜீவன் போட்டுக் கேட்டான். "படகு... சிப்பி... கடற்கரை..." கணீரென்ற குரல். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

ஈகுவலைசரைப் பார்த்ததும்தான் திகைத்தான். இடப்பக்கம் தடித்த ஒலிகள். அதை அவள் தொடவில்லை. வலப்பக்கம் கூரிய ஒலிகள். அங்கே கோடு மலைச்சரிவு போலச் சறுக்கி இறங்கியது.

"இரைச்சலை எடுக்கவோ, அக்கா? அதுக்கு இவ்வளவு வெட்டத் தேவையில்லை. குரல் செத்துப்போகும்."

"இரைச்சல் இல்லை. எனக்கு இப்பிடித்தான் வேணும். ஆனா வெட்ட வெட்ட மற்றப் பக்கம் பெருத்துக்கொண்டு வருது."

எதற்கு இது? கேட்க வாயெடுத்தவனை அந்தப் பிழையே இழுத்துக்கொண்டது. ஈகுவலைசரை நிறுத்திப் பார்த்தான், திரும்பப் போட்டான். அது வேலை செய்தது. ஆனால் கூரிய ஒலிகளை இறக்க இறக்க, வெளியே போகும் சத்தத்தின் அளவு மேலே ஏறியது. திரையின் மூலைகளைத் துழாவினான். அடியில் ஒரு சின்னப் பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"பிடிச்சிட்டன்! ஓட்டோ கெய்ன். நீங்கள் வெட்டினதால குறையிற சத்தத்தை இது தானாக் கூட்டிச் சரிக்கட்டுது. பிழை இல்லை அக்கா, உதவி. நீங்கள் கேக்காத உதவி."

பொத்தானை அணைத்தான். டீச்சர் இப்போது சுவருக்கு அப்பால் நின்று முனகினாள். படகு "அ...அ...உ" ஆயிற்று. சிப்பி வெறும் "இ...இ".

ரூபிகா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "நாலாயிரம் ஹேர்ட்ஸில இன்னும் கொஞ்சம் இறக்குங்கோ."

பொத்தானின் பெயர் தெரியாதவளுக்கு எண் மட்டும் மனப்பாடமாக இருந்தது. கஜீவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மகன் சொல்வதெழுதலில எப்பிடி?"

"முட்டை. ஒவ்வொரு முறையும் முட்டை. கவனமில்லாத பிள்ளை எண்டு வகுப்புக்கு முன்னால ஏசிப்போட்டா. வாற தவணையில மெல்லக் கற்கிற பிள்ளையளோட விடப்போறாவாம்."

அப்படியா சங்கதி! கஜீவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மவுசிலிருந்து கையை எடுத்தான்.

"குறை நினைக்காதேங்கோ, அக்கா. கோவம் இருந்தா நேர கதையுங்கோ. ஒராளின்ர குரலைக் கெடுத்துப் பகிடி பண்ண நான் உதவமாட்டன். இதை ஆருக்குப் போட்டுக் காட்டப்போறியள்?"

"நேசம் டீச்சருக்குத்தான். நாளைக்கு ஸ்கூலுக்குப் போறன்."

"டீச்சருக்கேயோ? தன்ர குரலை இப்பிடிக் கேட்டா அவ என்ன நினைப்பா?"

ரூபிகா திரையில் சரிந்து கிடந்த கோட்டை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"காது டொக்டர் போன கிழமை மகனைச் சோதிச்சுப்போட்டுச் சொன்ன அளவுதான், தம்பி, இது. என்ர பிள்ளைக்கு வகுப்பில கேக்கிற நேசம் டீச்சரின்ர குரல் இவ்வளவுதான்."