டாரியஸை வைத்துக்கொள்ள ஆகும் செலவு

“டாரியஸுக்குச் சம்பளம் மூணு மில்லியன் டாலர்தான். ஆனா அவனை வெச்சுக்கிட்டா அணியோட மொத்தச் சம்பளம் லீக் வெச்ச வரம்பைத் தாண்டிடும். அதுக்கு அபராதமா ஆடம்பர வரியே பன்னெண்டு மில்லியன் கட்டணும்,” என்றார் எங்கள் கூடைப்பந்து அணியின் மேலாளர் வாரன், அணியின் நட்சத்திர ஆட்டக்காரனான என்னிடம்.

“ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் விளையாடுறவனுக்குப் பதினஞ்சு மில்லியனா?” என்றேன்.

“இன்னொரு வழி சொன்னேனே, யோசிச்சீங்களா?”

“அது சரிப்படாது வாரன். அவனை விட்டுடுங்க.”

சாயங்காலம் டாரியஸ் உடைமாற்றும் அறையில் தன் அலமாரியைக் காலி செய்ய வந்தான். எட்டு வருடமாக என் அலமாரிக்கு அடுத்தது அவனுடையதுதான்.

“கீனன், எனக்காக நீ சண்டையே போட்டிருப்பேன்னு தெரியும்டா,” என்று என்னைக் கட்டிக்கொண்டான். “போன வருஷம் உன்னைத் தக்கவெச்சுக்கணும்னு என் சம்பளத்தைப் பாதியாக் குறைச்சுக்கச் சொன்னாங்க. உடனே கையெழுத்துப் போட்டேன். எனக்காக நீயும் அதைத்தான் செஞ்சிருப்பே. அப்படியும் முடியலேன்னா யார் என்ன பண்றது?”

“பையைக் கொடு. கார் வரைக்கும் நான் தூக்கிட்டு வரேன்,” என்றேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வாரன் சொன்ன இன்னொரு வழி, என் புதிய ஒப்பந்தத்தின் நாற்பத்தைந்து மில்லியனில் மூன்றைக் குறைத்துக்கொள்வது.