கொக்கு வாசிக்காத கேள்வி

கணக்கில் முட்டை வாங்கிய கீரிக்குட்டி, இனி பள்ளிக்கே வரமாட்டேன் என்று பையைத் தூக்கிவிட்டது. தமிழ் எடுக்கும் மைனா டீச்சர் ஓடிவந்து, கேள்வித்தாளைப் பிடுங்கி வாசித்தது. “கூடையில் ஏழு நண்டு, மூன்று ஓடிவிட்டன, மீதி எத்தனை?”

“இதானா கேள்வி? நாலு, டீச்சர்.”

மைனா, கணக்கு வாத்தியார் கொக்கிடம் திரும்பியது. “பார்த்தீங்களா சார்? கணக்கு வருது, வாசிக்கத்தான் வரல. என் ஒரு வகுப்பு போதாது. நீங்களும் தினம் கேள்வியை அவனோட சேர்ந்து வாசிங்க. இப்பவே கூப்பிடுங்க, நின்னுடுவான்.”

“வாசிக்க வைக்கிறது உங்க வேலை டீச்சர். எனக்குப் பாடம் முடியணும்.”

ஒரு கேள்வியை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கீரிக்குட்டி கேட் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. கொக்கு கூப்பிடவில்லை.