பக்கத்து சீட்டுக்கும் புளிசோறு

விடிந்ததிலிருந்து ஞானம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. மகள் மோனிகாவுக்கு இன்றைக்கு முதல் ஃபிளைட்!

“கோயம்புத்தூர் ஒரு மணி நேரம்தானேன்னு ஃபிளைட்ல சாப்பாட்டையே நிறுத்திட்டாங்கம்மா.”

“கஞ்சப் பசங்க! இந்தா, புளிசோறு. ரெண்டு டப்பா கட்டியிருக்கேன்.”

“ரெண்டு எதுக்கு?”

“பக்கத்து சீட்டுக்காரருக்கு. அவரு பாத்துக்கினு இருக்க, நீ மட்டும் துன்னுவியா? கும்மிடிப்பூண்டி கம்பெனியில இத்தினி வருசமா நான் தனியா துன்னதே இல்ல.”

“அவரு இதைச் சாப்பிடக்கூடாதும்மா.”

ஞானம்மாவின் முகம் சுருங்கியது. “ஏன், நம்ம ஊட்டு சோறு அவருக்கு எறங்காதாமா?”

“ஐயோ, ரெண்டு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடக்கூடாதுன்னு ரூல்மா!”

“இன்னாடி ரூலு அது?”

மோனிகா சிரித்தாள். “ரெண்டு பேருக்கும் ஒண்ணா வயித்தைக் கலக்கிச்சுன்னா, பிளேனை யாரும்மா ஓட்டுறது?”