வலது பக்கத்துக் கையெழுத்துகள்

அவள் குனிந்து பார்த்தாள்.

வக்கீலின் மேசையில், இடது பக்கம் ஒரே ஒரு தாள். மூன்று மாதம் முன்பு இறந்துபோன அவள் கணவர் சென்னியப்பன் எழுதியதாகச் சொல்லப்படும் உயில். பரமத்தி ரோட்டு ஓட்டு வீடும் அதைச் சுற்றிய அரை ஏக்கரும், அங்கேயே குடியிருக்கும் அவர் அக்கா பாவாயிக்கு என்று அதில் எழுதியிருந்தது.

வலது பக்கம் ஏழெட்டுத் தாள்கள். வங்கிப் படிவம், இன்சூரன்ஸ் விண்ணப்பம், மகனின் பள்ளி மதிப்பெண் அட்டைகள்.

எல்லாவற்றிலும் சென்னியப்பன் கையெழுத்து.

வக்கீல் பேனா முனையால் காட்டினார். வலது பக்கத்தில் எழுத்துகள் உருண்டையாக, ஒழுங்காக நின்றன. இடது பக்கத்தில் முதல் கொம்பு சாய்ந்திருந்தது. கடைசி 'ன்' இழுபட்டுக் கிடந்தது.

"சின்னக் கொழந்தகூடச் சொல்லிரும், ரெண்டும் ஒரே கை இல்லீன்னு."

மகன் தரணி தலையாட்டினான். உயில் பொய் என்று ஆகிவிட்டால் அத்தை வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் இரண்டு முறை வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். உயிலுக்குச் சாட்சி நின்ற இரண்டு டிரைவர்களும் இப்போது உயிரோடு இல்லை.

அவள் இன்னும் குனிந்தாள்.

வலது பக்கத்தில் இருந்தவை அத்தனையும் அவள் போட்டவை.

அவர் லாரி ஓட்டினார். நாக்பூர், கட்டாக், சிலிகுரி. போனால் இருபது நாள். அவர் வரும்வரை எந்தப் படிவமும் காத்திருக்காது. கல்யாணமான மறுவருடம், ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் காட்டி, இதேபோல் நீயே போட்டுவிடு என்றார். அவள் பழகிக்கொண்டாள். பிறகு அவர் ஊரில் இருந்த நாட்களிலும் தாள்கள் அவளிடமே வந்தன.

முப்பத்திரண்டு வருடம். அவள் கையில் அந்தக் கையெழுத்துக்கு வயதே ஆகவில்லை.

இடது பக்கத்தில் அது கிழடாகியிருந்தது.

'ப்' மேல் அழுத்திய அழுத்தில் தாள் கிழியப் பார்த்திருந்தது. புள்ளி எழுத்தை விட்டுத் தள்ளி விழுந்திருந்தது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல்களுக்குப் பேனா அடங்கவில்லை போலும்.

இப்படி ஆகிவிட்டதா இவர் எழுத்து.

தேதியைப் பார்த்தாள். ஐந்து வருடம் முந்தைய ஆடி மாதம். அந்த ஆடியில் கட்டாக்கிலிருந்து நேராக வீட்டுக்கு வருவதாகத்தான் அவர் சொன்னார். எந்த நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போனார்? உட்கார்ந்து எழுதினாரா, நின்றுகொண்டா?

வக்கீல் ஒரு பிரமாண வாக்குமூலத்தை அவள் முன் நகர்த்தினார். உயிலில் இருப்பது கணவரின் கையெழுத்து அல்ல என்று அதில் இருந்தது. தரணி பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். தாளைத் திருப்பினாள்.

வெற்றுப் பக்கத்தில் போட்டாள். சென்னியப்பன். அதன் கீழே இன்னொன்று. உருண்டையாக, ஒழுங்காக.

வக்கீல் அதை எடுத்து வலது பக்கத்துத் தாள்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா பண்ணீட்ட?" என்றான் தரணி.

அவள் பேனாவை மூடி அவனிடமே கொடுத்தாள்.

பரமத்தி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பாவாயி வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சாக்குக் கயிறு இன்னும் கையில் இருந்தது.

காரியம் முடிந்த நாளிலிருந்து இருவரும் பேசவில்லை.

வழியெல்லாம் கேட்க எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"அண்ணி, உயில் எழுதுன அன்னைக்கு, அவரு இங்க சாப்புட்டாருங்களா?"

பாவாயி கயிற்றைக் கீழே விட்டாள்.

"ரெண்டு தோசை தின்னான் அம்மணி. மூணாவது ஊத்தறதுக்குள்ள, ஊட்ல அவ தேடுவான்னு கெளம்பிட்டான்."