முகத்தைக் காட்டு

துணிப் பொம்மையை அவன் இரண்டாவது முறையாகப் படியிலிருந்து தள்ளினான். பொம்மையின் கழுத்தில் ‘இறந்தவர்’ என்று எழுதிய அட்டை தொங்கியது.

புகைப்படம் சரியாக விழவில்லையாம். மறுபடி தள்ளச் சொன்னார்கள்.

கொரியாவின் இன்சியோன் நகரத்து அந்தச் சந்தில் நிற்க இடமில்லை. கொலைகாரனை, அவன் கொலை செய்த இடத்துக்கே கூட்டிவந்து நடித்துக் காட்டச் சொன்னால் ஊர் கூடத்தான் செய்யும். செத்துப்போன யாங் ஒக்-சுன் அக்காவின் சலவைக் கடையில் துணி போடாத வீடு அங்கே கிடையாது.

வேறு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அன்று ஒரு நாளைக்கு இரவல் வந்தவன் நான். அவன் முகம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கறுப்புத் தொப்பியும் வெள்ளை முகக்கவசமும் எங்கள் இலாகாவே கொடுத்தது.

கோப்பில் அக்காவின் பிணத்தைப் படமாகப் பார்த்திருந்தேன். இவன் மூஞ்சியை நான் ஏன் பொத்திக் காக்க வேண்டும் என்று காலையிலிருந்தே எனக்கு ஆத்திரம்.

“மாஸ்க்கக் கழட்டுங்க சார்! இவனுக்கெல்லாம் என்ன மனித உரிமை? செத்தவளுக்கு அது இல்லையா?”

கூட்டத்தில் யாரோ கத்த, மொத்தச் சந்தும் அதைப் பிடித்துக்கொண்டது. பச்சை மேல்சட்டை போட்ட ஓர் அம்மாள் மட்டும் நேராக அவனையே பார்த்துக் கத்தினார்.

“நீயெல்லாம் மனுசனாடா? வெக்கமா இல்லையாடா உனக்கு?”

எந்த வீட்டுக்காரர் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. அந்தக் குரல் எழும்போதெல்லாம் அவன் பொம்மையை நழுவவிட்டான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பொம்மையைத் தூக்கக் குனிந்தபோது முகக்கவசம் மூக்குக்குக் கீழே சரிந்தது. இரண்டு கையிலும் விலங்கு. நான்தான் இழுத்துவிட்டிருக்க வேண்டும். சும்மா இருந்தேன்.

பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் எழுவதற்குள் அந்த அம்மாள், நாங்கள் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றுக்குக் கீழே நுழைந்து அவன்மேல் பாய்ந்தார். தடுக்க எனக்கு நேரம் இருந்தது. அவரே பிய்த்து எறியட்டும், பழி என் தலையில் விழாது என்று ஒதுங்கி நின்றேன். கூட்டம் கைதட்டியது.

அவர் பிய்க்கவில்லை. கேமராக்களுக்கு முதுகைக் காட்டி நின்று, முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்து, மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்திவிட்டார். குள்ளமான அவருக்கு எட்டும்படி அவன் தலையைத் தாழ்த்திக் கொடுத்தான்.

அவனிடம் அவர் முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது.

“மூடிக்கடா. உன் தங்கச்சிக்கும் இதே மூஞ்சிதான்.”